சிர்க்கா: கலயத்துக்குள் ஒரு வரலாறு

அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்கள் ஒரு நாள் ஜாபிர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்களின் கையைப் பிடித்துத் தமது இல்லத்துக்கு அழைத்துச் சென்றார்கள். ரொட்டித் துண்டுகள் வந்தன. தொட்டுக்கொள்ள ஏதேனும் உண்டா என்று கேட்டார்கள். சிறிது காடியைத் தவிர வேறொன்றும் இல்லை என்று வீட்டார் கூறினர். அதையே கொண்டுவரச் சொல்லி, தொட்டுக்கொள்வதற்குக் காடி எவ்வளவு சிறந்தது என்று பாராட்டியவாறே உண்டார்கள். இச்செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. அந்த நாள் தொட்டுக் காடியின் மீது தமக்குப் பிரியம் உண்டாயிற்று என்று ஜாபிர் (ரலி) கூறுகிறார்கள். அவர்களிடமிருந்து இதைக் கேட்ட தல்ஹா இப்னு நாஃபிஉ, அதைக் கேட்டது முதல் தமக்கும் அப்படியே ஆயிற்று என்கிறார். ஒரு புளித்த நீர் அறிவிப்பாளர் தொடரின் வழியாகத் தலைமுறை தாண்டி நேசிக்கப்பட்டதை வேறெந்தச் சமூகத்தின் ஏடுகளில் காண முடியும்?

அரபியில் ‘ஃகல்’ என்றும், பாரசீகத்தில் ‘சிர்கா’ என்றும் அழைக்கப்படும் இப்பொருளை நம் வீட்டுப் பெரியவர்களும் யூனானி ஹகீம்களும் சிர்க்கா என்றனர். தமிழில் காடி என்னும் சொல் புளித்த கஞ்சிக்கும் உரியது. இலங்கைத் தமிழர் போர்த்துக்கீசியரிடம் பெற்ற சொல்லை வினாகிரி என வழங்குகின்றனர். ‘வினிகர்’ என்னும் ஆங்கில வழக்கின் வேரோ ‘புளித்த மது’ எனப் பொருள்படும் பிரெஞ்சுத் தொடர். பெயர்கள் பலவாயினும் புளிப்பைத் தரும் பொருள் ஒன்றே. அதனை வேதியியலார் அசிட்டிக் அமிலம் என்பர். இலத்தீனில் காடிக்கு ‘அசெட்டும்’ என்று பெயர். அமிலத்தின் பெயர் அதிலிருந்து வந்தது.

இந்த அமிலத்தின் வரலாற்றில் முஸ்லிம்களின் பங்கு யாது என்ற கேள்விக்கு நம்மவர் மேடைகளிலும் மலர்களிலும் ஆயத்தமாக ஒரு விடை உண்டு: அசிட்டிக் அமிலத்தைக் கண்டுபிடித்தவர் ஜாபிர் இப்னு ஹய்யான். கந்தக அமிலம், நைட்ரிக் அமிலம், இராஜ திராவகம் ஆகியவற்றோடு இதனையும் அவர் கணக்கில் சேர்த்துவிடுவது வழக்கமாகிவிட்டது. அவ்விடையைச் சற்று நிறுத்தி ஆராய வேண்டியுள்ளது.

ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்து கி.பி. 815-ஐ ஒட்டி மறைந்தவராகக் கருதப்படும் ஜாபிரின் பெயரில் நூற்றுக்கணக்கான நூல்கள் வழங்குகின்றன. அவையனைத்தையும் ஒருவர் எழுதினாரா என்ற ஐயம் மேற்கத்தியர் கிளப்பியதன்று. ஹிஜ்ரி 377-இல் ‘ஃபிஹ்ரிஸ்த்’ என்னும் நூற்பட்டியலைத் தொகுத்த இப்னு நதீம், ஜாபிர் என்றொருவர் இருந்ததே இல்லை எனச் சொல்வோர் பக்தாதில் இருந்ததைக் குறிப்பிட்டு, அதனை மறுத்தும் எழுதியுள்ளார். இருபதாம் நூற்றாண்டில் பால் கிரவுஸ் 1942, 1943-ஆம் ஆண்டுகளில் கெய்ரோவில் வெளியிட்ட பேராய்வில், இத்தொகுதி பிற்காலத்துக் குழு ஒன்றின் ஆக்கம் என்றார். துருக்கிய அறிஞர் ஃபுவாத் செஸ்கின் அம்முடிவை ஏற்காது எதிர்வாதம் செய்தார். வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை.

கனிம அமிலங்களின் செய்முறை கூறும் இலத்தீன் நூல்கள் ‘கேபர்’ என்னும் பெயரில் பதின்மூன்றாம் நூற்றாண்டை ஒட்டி ஐரோப்பாவில் வெளிவந்தவை. அவற்றுள் தலையாயதை இத்தாலியத் துறவி தாரந்தோ பவுல் எழுதினார் என்பது வில்லியம் நியூமனின் முடிவு. ஜாபிரின் பெயருக்கு இருந்த மதிப்பு, அயலார் தம் நூலுக்கு அப்பெயரைச் சூட்டிக்கொள்ளும் அளவுக்கு ஓங்கியிருந்தது. அது பெருமைதான். ஆனால் அந்நூலில் உள்ளதை ஜாபிரின் கண்டுபிடிப்பு என நாம் உரிமை கொண்டாடலாகாது. இஸ்னாதைச் சோதிக்காமல் ஒரு செய்தியை ஏற்கக் கூடாதென்று உலகுக்குக் கற்பித்த சமூகம், தன் அறிவியல் வரலாற்றில் மட்டும் அந்த ஒழுங்கைக் கைவிடுவது நியாயமன்று.

காடியைப் பொறுத்தவரை உறுதியாகச் சொல்லத்தக்கது இது. அரபுக் கீமியா நூல்களில் காடி முதன்மையான கரைப்பான்களுள் ஒன்று. அதை வாலையில் இட்டு வடித்துத் தெளிவாக்கிக்கொள்ளும் முறையும் அவர்களிடம் இருந்தது. மருத்துவர் முஹம்மது இப்னு ஸகரிய்யா அர்-ராஸி ‘கிதாபுல் அஸ்ரார்’ என்னும் நூலில் உலை, துருத்தி, மூசை தொடங்கி, வடிப்பதற்கான குடம், அதன்மேல் கவிழும் அன்பீக், வடிநீரை ஏந்தும் காபிலா வரை தம் கூடத்தின் கருவிகளை ஒவ்வொன்றாகப் பட்டியலிடுகிறார். அந்த ‘அல்-அன்பீக்’ என்னும் சொல்லே ஐரோப்பிய மொழிகளில் ‘அலெம்பிக்’ ஆயிற்று.

எனினும் வடித்த காடி, செறிந்த அமிலம் ஆகாது. தண்ணீர் 100 பாகை செல்சியஸில் கொதிக்கிறது. அசிட்டிக் அமிலம் 118 பாகையில் கொதிக்கிறது. ஆதலால் வாலையில் முதலில் மேலேறி வருவது பெரும்பாலும் தண்ணீர். அமிலம் மிகுந்த பகுதி பின்னரே வரும். நிறமும் கசடும் நீங்கிய தெளிநீர் கிடைக்குமே தவிர, தூய அமிலம் கிடைத்துவிடாது. தண்ணீர் முற்றும் நீங்கிய அமிலம் 16.6 பாகையிலேயே பனிக்கட்டி போல் உறையும். அப்படி உறைந்த அமிலத்தை ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க் நகரில் தோபியாஸ் லோவிட்ஸ் 1789-இல் பெற்றார். செம்புக் களிம்பைச் சுட்டு வடித்தெடுக்கும் கடுங்காடியும் சாதாரணக் காடியின் அமிலமும் ஒன்றே, வேறுபாடு நீரின் அளவில் மட்டுமே உள்ளது என்பதைப் பிரெஞ்சு வேதியியலார் அதே நூற்றாண்டின் இறுதியில்தான் தெளிந்தனர். ஆகவே ‘கண்டுபிடித்தார்’ என்னும் ஒற்றைச் சொல் இவ்வரலாற்றுக்குப் பொருந்துவதில்லை.

செம்புக் களிம்பு என்றதும் ஒரு கிளைச்செய்தி. செப்புத் தகட்டைக் காடியின் ஆவி படும்படி வைத்தால் பச்சை நிறக் களிம்பு படரும். அரபியில் ‘ஸின்ஜார்’ எனப்படும் இது செம்பின் அசிட்டேட் உப்பு. ஈயத் தகட்டை அவ்வாறே வைத்தால் ஈய அசிட்டேட் தோன்றி, காற்றின் கரியமிலவாயுவோடு சேர்ந்து ‘இஸ்ஃபீதாஜ்’ என்னும் ஈய வெள்ளை ஆகும். இவை முஸ்லிம்களின் புதுமையல்ல, கி.மு. நான்காம் நூற்றாண்டிலேயே கிரேக்க அறிஞர் தியோஃப்ராஸ்டஸ் ஈய வெள்ளையின் செய்முறையை எழுதிவிட்டார். ஆனால் நம் கையெழுத்துச் சுவடிகளின் பச்சை வண்ணத்தில் பெரும்பங்கு இந்த ஸின்ஜாருடையது. அதற்கொரு தீக்குணம் உண்டு. காலப்போக்கில் தான் படிந்த தாளையே அரித்துவிடும். பச்சைக் கோடு இருந்த இடத்தில் கத்தியால் கீறியது போல் தாள் பிளந்து நிற்பதைப் பழஞ்சுவடி நூலகங்களில் காணலாம். பாரசீக ஓவியர் ஸின்ஜாரோடு சிறிது குங்குமப்பூவைச் சேர்க்கும்படி தம் நூல்களில் அறிவுறுத்தினர். குங்குமப்பூ அரிப்பைத் தணிக்கிறது என்பதை இக்காலச் சுவடிக் காப்பியல் சோதனைகள் உறுதிசெய்துள்ளன.

அடுக்களையிலும் காடி ஆட்சி செலுத்தியது. இறைச்சியைக் காடியில் வேகவைக்கும் ‘சிக்பாஜ்’ அப்பாசியர் காலத்து விருந்துகளின் அரசன். அப்பெயரே ஸ்பெயினில் ‘எஸ்கபெச்சே’ என உருமாறியது என்பர். காடியும் தேனும் கலந்த சிக்கஞ்சபீன் இப்னு ஸீனாவின் ‘கானூனி’ல் இடம்பெற்று, இன்றும் யூனானி மருந்தகங்களில் விற்கப்படுகிறது.

ஃபுகஹாக்களின் ஆய்வுக்கூடம்

கீமியா அறிஞர்களைவிடக் கூர்மையாகக் காடியை நோக்கியவர்கள் ஃபிக்ஹு அறிஞர்களே என்பது இக்கட்டுரையாளனின் கருத்து. அதற்குக் காரணமும் இருந்தது. திராட்சைச் சாறு ஹலால். அது மதுவானால் ஹராம், நஜீஸ். அம்மதுவே புளித்துக் காடியானால் மீண்டும் ஹலால். ஒரே கலயத்தில், ஒரே நீரில், எவரும் கையிடாமலே சட்டம் இருமுறை மாறுகிறது. எந்தக் கணத்தில் மாறுகிறது, எதனால் மாறுகிறது என்று கேட்காமல் ஃபிக்ஹு அறிஞர் எப்படி இருப்பர்?

மது விலக்கப்பட்டபோது, தம் பொறுப்பிலிருந்த அநாதைகள் வாரிசாகப் பெற்ற மதுவைக் குறித்து அபூதல்ஹா (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். அதைக் கொட்டிவிடுமாறு கட்டளை வந்தது. காடியாக்கிக்கொள்ளலாமா என்று கேட்டதற்கும் கூடாதென்றே மறுமொழி கிடைத்தது. இதனை அபூதாவூத், திர்மிதீ ஆகிய தொகுப்புகளில் காணலாம். மதுவைக் காடியாக்குவது பற்றிக் கேட்கப்பட்டபோது நபியவர்கள் மறுத்ததாக அனஸ் (ரலி) அறிவிக்கும் செய்தி முஸ்லிமிலும் உள்ளது. அநாதையின் சொத்தையே கொட்டச் சொன்னார்கள் என்றால், அதைக் காப்பாற்ற வழியில்லை என்றுதானே பொருள் என்பது ஒரு சாராரின் வாதம். மது விலக்கப்பட்ட புதிதில் மக்களின் நெஞ்சிலிருந்து அதன் ஆசையை வேரறுக்கவே அந்தக் கடுமை என்பது மறு சாராரின் விளக்கம்.

இமாம் நவவி (ரஹ்) முஸ்லிமின் விரிவுரையில் இக்கருத்துவேறுபாட்டைத் தொகுத்துத் தருகிறார்கள். மது தானாகவே காடியானால் அது தூய்மையானது என்பதில் ஏறக்குறைய அனைவரும் உடன்படுகின்றனர். ரொட்டி, வெங்காயம், புளித்த மாவு போன்ற எதையேனும் இட்டுக் காடியாக்கினால், ஷாஃபிஈ (ரஹ்), அஹ்மத் (ரஹ்) ஆகியோரிடம் அது தூய்மையாகாது. அபூஹனீஃபா, அவ்ஸாஈ, லைஸ் (ரஹ்) ஆகியோரிடம் தூய்மையாகும். மாலிக் (ரஹ்) அவர்களிடமிருந்து வரும் அறிவிப்புகளுள் வலுவானதன்படி, அப்படிச் செய்வது பாவம். ஆயினும் செய்துவிட்டால் காடி தூய்மையானதே. இனி வெயிலிலிருந்து நிழலுக்கோ நிழலிலிருந்து வெயிலுக்கோ கலயத்தை நகர்த்திக் காடியாக்கினால்? ஷாஃபிஈ மத்ஹபில் இதற்கு இரு கருத்துகள் உண்டு. தூய்மையாகும் என்பதே சரியானது.

வெயிலும் நிழலும் அனுமதிக்கப்பட, வெங்காயம் ஏன் விலக்கப்பட வேண்டும்? காரணம் வெகு நுட்பமானது. மதுவில் விழுந்த வெங்காயம் அக்கணமே நஜீஸாகிவிடுகிறது. பின்னர் மது காடியாக மாறினாலும் வெங்காயம் மாறவில்லை. அது தூய காடியை மீண்டும் அசுத்தமாக்கிவிடும். பொன்னானி மக்தூம் குடும்பத்து ஸைனுத்தீன் மலைபாரி பதினாறாம் நூற்றாண்டில் எழுதியதும், நம் கரையோர மத்ரசாக்களில் தலைமுறைகளாக ஓதப்படுவதுமான ‘ஃபத்ஹுல் முயீன்’ இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. காடியாவதற்கு எவ்விதத்திலும் துணைபுரியாத ஒரு கூழாங்கல் உள்ளே கிடந்தாலும் போதும், காடி தூய்மையாகாது.

அப்படியானால் கலயம்? அதுவும் மதுவை உறிஞ்சியிருக்கிறதே என்ற கேள்வி எழும். கலயமும் காடியைப் பின்தொடர்ந்து தூய்மையாகிவிடும் என்பது விடை. இல்லையேல் உலகில் தூய காடி என்ற ஒன்றே இருக்க முடியாது. மது நுரைத்துப் பொங்கிக் கலயத்தின் மேற்பகுதியைத் தொட்டுவிட்டுப் பின் வடிந்திருந்தால் அவ்விடமும் தூய்மையாகும். ஆனால் பொங்காமல், எவரோ கலயத்தை அசைத்ததால் மது மேலே பட்டிருந்தால் தூய்மையாகாது. மது நொதிக்கும்போது நுரை எவ்வளவு உயரம் ஏறும், எப்போது அடங்கும் என்பதைக் கலயத்தருகே அமர்ந்து பார்த்தவர்களாலன்றி இப்படி எழுத இயலாது. இவற்றை ஓதிய மாணவப் பருவத்தில் வெறும் சொல்லாராய்ச்சி என்றே இக்கட்டுரையாளன் எண்ணியிருந்தான். பாஸ்டரின் நூலைப் பற்றிப் படித்த பிறகே அவ்வரிகளின் அருமை விளங்கிற்று.

ஹனஃபி மத்ஹபின் நோக்கு வேறு. பொருளின் இயல்பே மாறிவிட்டால் பழைய பெயரும் போய்விடுகிறது. பெயரோடு சட்டமும் போய்விடுகிறது. எதனால் மாறியது, யார் மாற்றினார் என்பது இரண்டாம் வினா. இதனை ‘இஸ்திஹாலா’ என்பர். மதுவின் கேடு போதை. போதை நீங்கிய பின் அங்கே விலக்குவதற்கு என்ன எஞ்சியுள்ளது? ஷாஃபிஈ அறிஞர்களோ, அல்லாஹ் தானே கெடுக்கத் தொடங்கும்வரை மதுவின் காடியை உண்ண வேண்டாம் என்ற கருத்தில் உமர் (ரலி) அவர்களிடமிருந்து வரும் கூற்றைச் சான்றாகக் காட்டுவர். ஒரு மத்ஹபு விளைபொருளை நோக்குகிறது. மற்றொன்று அது வந்த வழியையும் நோக்குகிறது. தமிழகத்தின் கரையோர ஊர்களில் ஷாஃபிஈகளும் உள்நாட்டில் ஹனஃபிகளும் மிகுந்திருப்பதால் இவ்விரு நோக்குகளும் நமக்குப் பழக்கமானவையே.

அப்படியெனில் ஷாஃபிஈ ஒருவர் காடி வேண்டி என்ன செய்வார்? சாறு வழக்கமாக மது நிலையைக் கடந்தே காடியாகிறது என்பதைப் பிற்கால உரைநூல்கள் ஒப்புக்கொண்டு, மது நிலைக்கு உட்படாமலே காடியாகும் மூன்று வழிகளைக் கூறுகின்றன. காடி ஊறிப் பழகிய கலயத்தில் சாற்றை ஊற்றுவது. சாற்றோடு அதற்குக் குறையாத அளவு காடியைக் கலப்பது. கொத்திலிருந்து உதிர்த்த திராட்சை மணிகளால் கலயத்தை நிரப்பி வாயை மண்ணால் பூசி மூடுவது.

மூன்றாவதை வேதியியலார் ஒப்பமாட்டார். மூடிய கலயத்தில் திராட்சை நொதித்துச் சிறிதேனும் மதுசாரம் உண்டாகும். முதல் இரண்டும் அப்படியல்ல. ஐரோப்பாவில் பெயர்பெற்ற ஆர்லியன்ஸ் முறையில் பழைய காடி பாதியளவு நிற்கும் பீப்பாயில் புதிய மதுவைச் சிறிது சிறிதாகச் சேர்ப்பர். பீப்பாயைக் காலி செய்வதில்லை. பழகிய கலயத்தின் சுவரிலும் பழைய காடியிலும் புளிப்பை உண்டாக்கும் உயிர்கள் குடியிருக்கின்றன. போதிய புளிப்பு இருந்தால் மற்ற நுண்ணுயிர்கள் தலைதூக்குவது கடினம். ‘சாற்றுக்குக் குறையாத அளவு’ என்ற நிபந்தனை இதனால் பொருளுடையதாகிறது. நுண்ணுயிர் என்ற கருத்தே அந்த அறிஞர்களுக்கு இல்லை. ஆனால் எந்தக் கலயத்தில் போதை தோன்றும், எதில் தோன்றாது என்பதை அவர்கள் அனுபவத்தால் பிரித்தறிந்தனர். அவர்களுக்கு வேண்டியிருந்த அளவுகோலும் அதுதான்.

அந்த உயிர் எது என்பதை நிறுவியவர் லூயி பாஸ்டர். மதுசாரம் காற்றோடு சேர்ந்து அமிலமாவதை 1820-களில் டோபரைனர் பிளாட்டினத் தூளைக் கொண்டு செய்துகாட்டியிருந்தார். ஆதலால் காடியின் புளிப்பும் அப்படியொரு வேதிவினையே என்று லீபிக் போன்ற பெரியோர் சாதித்தனர். பாஸ்டர் 1864-இல் வெளியிட்ட ஆய்வில், மதுவின் மேல் படரும் மெல்லிய ஆடையே மதுசாரத்திற்குக் காற்றின் ஆக்சிஜனைக் கொண்டுசேர்க்கும் உயிர் என்று காட்டினார். 1868-இல் அவரது காடி பற்றிய நூல் வந்தது. வினை வேதிவினைதான், ஆனால் அதைச் செய்விப்பது உயிர். இன்று அதனை அசிட்டோபாக்டர் இனத்துள் வைக்கின்றனர்.

இதற்கிடையே உயிரின் துணையே இன்றி அமிலத்தை ஆக்கியும் காட்டினார் ஒருவர். ஜெர்மானியரான ஹெர்மன் கோல்பே 1845-இல், கரியும் கந்தகமும் சேர்ந்த கார்பன் டைசல்பைடில் தொடங்கிப் படிப்படியாக அசிட்டிக் அமிலத்தை அடைந்தார். உயிர்ப்பொருள்கள் உயிராற்றலால் மட்டுமே உண்டாகும் என்ற பழைய கொள்கைக்கு 1828-இல் வோலர் யூரியாவால் கொடுத்த அடிக்குப் பின் இது இரண்டாம் அடி.

மண்ணில் எழுந்த நுரையும் ஒரு போரும்

சலாஹுத்தீன் அய்யூபியின் காலத்தவரான ஷைஸரி, சந்தையைக் கண்காணிக்கும் முஹ்தஸிபுகளுக்காக எழுதிய கைநூலில், காடியில் தண்ணீர் கலந்து விற்போரைப் பிடிக்கும் வழி ஒன்று சொல்கிறார். கொஞ்சத்தைத் தரையில் ஊற்றிப் பார். கலப்பற்றதானால் சீறிக் குமிழியிடும். தண்ணீர் கலந்ததானால் குமிழியிடாது. சிரியாவின் மண் சுண்ணாம்பு மிக்கது. காடியின் அமிலம் சுண்ணாம்போடு வினைபுரிந்து கரியமிலவாயுவை வெளியேற்றுவதே அச்சீற்றம். மண்ணில் எஞ்சுவது கால்சியம் அசிட்டேட்.

அதே உப்பு 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வல்லரசுகளின் கவலைக்குரிய பொருளாயிற்று. மரத்தைக் காற்றின்றிச் சுட்டால் கிடைக்கும் புளிநீரைச் சுண்ணாம்பால் ஈர்த்துக் கால்சியம் அசிட்டேட் எடுப்பர். அதை உலர்நிலையில் சூடாக்கினால் அசிட்டோன் என்னும் எளிதில் ஆவியாகும் கரைப்பான் கிடைக்கும். பிரிட்டிஷ் பீரங்கிகளின் வெடிமருந்தாகிய கார்டைட்டைப் பிசைய அசிட்டோன் இன்றியமையாதது. முதல் உலகப்போர் மூண்டபோது பிரிட்டன் இதற்குப் பெரிதும் அமெரிக்காவின் காடுகளை நம்பியிருந்தது. தட்டுப்பாடு வந்தது.

மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய வேதியியலாளர் ஒருவர், மாவுப்பொருளை ஒருவகை நுண்ணுயிரைக் கொண்டு நொதிக்கச் செய்து நேரடியாக அசிட்டோன் பெறும் வழியை வகுத்திருந்தார். 1915, 1916-ஆம் ஆண்டுகளில் பிரிட்டிஷ் கடற்படைத் துறை அதனைப் பேரளவில் நடைமுறைப்படுத்தியது. மக்காச்சோளம் அரிதானபோது, 1917-இல் பள்ளிச் சிறுவர்களைக் கொண்டு காட்டுக் கொட்டைகளைப் பொறுக்கவும் செய்தனர். அந்த வேதியியலாளர் ஸியோனிச இயக்கத்தின் தலைவர்களுள் ஒருவரான கைம் வைஸ்மன். 1915 மே முதல் 1916 இறுதிவரை கடற்படைத் துறையின் அமைச்சராயிருந்தவர் ஆர்தர் பால்ஃபர். 1917 நவம்பர் 2 அன்று ஃபலஸ்தீனில் யூதர்களுக்குத் தேசிய இல்லம் அமைக்க ஆதரவளிக்கும் அறிவிப்பு பால்ஃபரின் கையொப்பத்தோடு வெளியாயிற்று. 1948-இல் இஸ்ரேல் நிறுவப்பட்டபோது வைஸ்மன் அதன் தலைமைப் பதவிக்கு வந்து, 1949-இல் முதல் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இவ்விரண்டையும் முடிச்சிட்டவர் லாயிட் ஜார்ஜ். 1933-இல் வெளிவரத் தொடங்கிய தம் போர் நினைவுகளில், அசிட்டோனுக்குக் கைம்மாறாகவே அவ்வறிவிப்பு பிறந்ததாகப் பொருள்படும்படி அவர் எழுதினார். நம் இதழ்களில் இக்கதை அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. ஒரு புட்டி திராவகத்துக்கு ஒரு நாடு விலைபோயிற்று என்று சொல்வது உள்ளத்தைத் தைக்கும்தான். ஆயினும் வைஸ்மனே தமது தன்வரலாற்றில் இதனை ஏற்கவில்லை, வரலாற்றாசிரியர்களும் ஏற்பதில்லை. சூயஸ் கால்வாயின் பாதுகாப்பு, பிரான்சை ஃபலஸ்தீனில் கால்பதிக்க விடாமை, அமெரிக்க, ரஷ்ய யூதர்களின் ஆதரவைப் போருக்குத் திரட்டும் கணக்கு என்பனவே அமைச்சரவையில் எடைபோடப்பட்டன. அசிட்டோன் வைஸ்மனுக்கு அமைச்சர்களின் கதவுகளைத் திறந்துவிட்டது. அதற்கு மேல் அதன் மீது சுமத்துவது லாயிட் ஜார்ஜுக்கே உதவும். பேரரசின் ஆசையால் பறிக்கப்பட்டதை ஒரு நன்றிக்கடன் போலக் காட்டி அவர் தம் கைகளைக் கழுவிக்கொள்ள நாம் துணைபோகலாகாது.

இன்றைய உலகில் அசிட்டிக் அமிலத்தின் பெரும்பகுதி புளிப்பிலிருந்து வருவதில்லை. மெத்தனாலையும் கார்பன் மோனாக்சைடையும் சேர்த்து ஆக்குகின்றனர். ஜெர்மானிய நிறுவனமான பி.ஏ.எஸ்.எஃப். 1960-இல் கோபால்ட்டை வினையூக்கியாகக் கொண்டு இதைத் தொடங்கியது. மான்சாண்டோ 1970-இல் ரோடியத்தையும், பி.பி. நிறுவனம் 1996-இல் இரிடியத்தையும் கொண்டு அதை எளிதாக்கின. ஆண்டுதோறும் ஒரு கோடி டன்னுக்கு மேல் ஆகும் இந்த அமிலத்தில் மேசைக்கு வருவது சிறு பங்கே. தச்சர் பயன்படுத்தும் வெள்ளைப் பசை, பழைய திரைப்படச் சுருள், பாலியஸ்டர் துணி, தலைவலிக்கு விழுங்கும் ஆஸ்பிரின் ஆகிய எல்லாவற்றின் பின்னும் அது நிற்கிறது.

இதனால் கடையில் வாங்கும் வினிகர் புட்டி பழைய மஸ்அலாவைப் புதிய உருவில் நம்முன் வைக்கிறது. இந்திய உணவுச் சட்டத்தின்படி, நொதித்த வினிகரில் 100 மில்லிக்கு 3.75 கிராமுக்குக் குறையாமல் அசிட்டிக் அமிலம் இருத்தல் வேண்டும். அமிலத்தைத் தண்ணீரில் கலந்து செய்ததானால் ‘செயற்கை’ என்று சீட்டில் தெளிவாக அச்சிட வேண்டும். செயற்கையானது மதுவின் பக்கமே போகாதது. ஆகவே ஐயத்துக்கு இடமில்லை என்று நம்மில் பலர் அதையே தேர்கின்றனர். நொதித்த வினிகரோ ஆலையில் மதுசாரத்தோடு உயிர்களைச் சேர்த்து ஆக்கப்படுவது. ஷாஃபிஈ நோக்கில், அவ்வாறு சேர்க்கப்படும் உயிர்த்திரளை வெங்காயத்தோடு வைத்து எண்ணுவதா, கண்ணுக்குப் புலப்படாமல் காற்றிலிருந்து தானே வந்து இறங்குவதோடு வைத்து எண்ணுவதா என்ற கேள்வி எழுகிறது. 1995-இல் குவைத்தில் கூடிய இஸ்லாமிய மருத்துவ அறிவியல் அமைப்பின் கருத்தரங்கு இஸ்திஹாலாவைப் பொதுவாக ஏற்று, ஹனஃபி நோக்கின் பக்கம் சாய்ந்தது.

ஆனால் ‘செயற்கை’ என்னும் சொல்லும் நாம் எண்ணுவது போல் எளிதன்று. இந்தியாவில் மெத்தனாலிலிருந்து ஆக்கும் ஆலைகளும் உண்டு. கரும்பாலைக் கழிவாகிய வெல்லப்பாகை நொதிக்கவைத்து வடித்த மதுசாரத்தை அசிட்டால்டிஹைடாக்கி, அதிலிருந்து அசிட்டிக் அமிலம் எடுக்கும் ஆலைகளும் உண்டு. சீட்டில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். புட்டியினுள் இருக்கும் மூலக்கூறைச் சோதித்தால் அங்கே மது இல்லை. அது வந்த வழியைக் கேட்டால் மதுசாரம் உண்டு. முன்னது அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் கேட்ட கேள்வி, பின்னது ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் கேட்ட கேள்வி. திராட்சை மதுவுக்கு உரிய சட்டம் கரும்பு மதுசாரத்துக்கும் அப்படியே பொருந்துமா என்பது அதற்கு முன்னரே தீர்க்க வேண்டியது. ஆலையின் செய்முறையை அறிந்த வேதியியல் பட்டதாரியும் ‘ஃபத்ஹுல் முயீ’னைப் பாடம் சொல்லும் ஆலிமும் நம் ஊர்களில் அடுத்தடுத்த தெருக்களிலேயே வசிக்கின்றனர். அவர்கள் இருவரும் ஒரே மேசையில் அமர்ந்து இந்தப் புட்டியை நடுவில் வைத்துப் பேசியதாக இதுவரை கேள்விப்பட்டதில்லை.